பிக்கப் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரே பிக்கப்பில் அடிப்படை மாடலுக்கும் டாப் மாடலுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கூடுதல் பணத்துக்கு வண்டி கூடுதலாக உழைக்குமா?

பெரும்பாலும் உழைக்காது. சுமை ஏற்றுவதில் டாப் மாடல் பின்தங்குவதும் உண்டு. வண்டியும் சுமையும் சேர்ந்து இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு வைத்திருப்பார். அதில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே சுமைத்திறன். உதாரணமாக, வரம்பு 3,000 கிலோ, வண்டியின் எடை 2,100 கிலோ என்றால் 900 கிலோ ஏற்றலாம். கண்ணாடிக் கூரை, மோட்டார் வைத்த இருக்கைகள், பெரிய சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து 150 கிலோ கூடினால் மிஞ்சுவது 750 கிலோதான். ஓட்டுநரும் பயணிகளும் இந்தக் கணக்கில் அடக்கம். ஐந்து பேர் ஏறிய பிறகு எவ்வளவு சரக்கு ஏற்ற முடியும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் எண், அந்த வரிசையிலேயே அதிகம் சுமக்கும் வண்டியின் எண்ணாக இருக்கும். நீங்கள் வாங்கும் வண்டிக்கு உரிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பல வண்டிகளில் அது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும்.

அடிப்படை மாடல் என்றால் சின்ன எஞ்சின்தானா?

அப்படி ஒரு விதி இல்லை. அமெரிக்க பிக்கப்களில் ஃபோர்ட் எஃப்-150 வரிசையில் எக்ஸ்எல், ராம் வரிசையில் டிரேட்ஸ்மேன், ஷெவர்லே சில்வராடோ வரிசையில் டபிள்யூடி ஆகியவை வேலைக்கென்றே விற்கப்படும் அடிப்படை மாடல்கள். அடிப்படை மாடலிலேயே பெரிய எஞ்சினைக் கேட்டு வாங்கும் வசதியைப் பல தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். அலங்காரத்தில் மிச்சமாகும் பணத்தை அங்கே போடுங்கள். சேற்றில் ஓட்டுபவருக்கு, ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் சேர்ந்து சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் முக்கியம். டிரெய்லர் இழுப்பவருக்கு ஆக்சில் விகிதமும் (சக்கரம் ஒருமுறை சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரும் முக்கியம். டிரெய்லருக்கான வயரிங்கைத் தொழிற்சாலையிலேயே போட்டு வாங்கிவிடுங்கள். பிறகு வெளியில் போட்டால் செலவும் தொல்லையும் கூடும். பாட்டுப் பெட்டி, இருக்கை உறை, சரக்குத் தொட்டிக்கான பூச்சு ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் வெளியில் செய்துகொள்ளலாம்.

ரெக்சின் இருக்கையும் ரப்பர் தரையும் மட்டமாகத் தெரிகின்றனவே?

சிமெண்டும் சேறும் படிந்த காலணியோடு ஏறி இறங்குபவருக்கு இதைவிட நல்ல தரை கிடையாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

17 அங்குலச் சக்கரம் போதுமா? டாப் மாடலில் 20 அங்குலம் தருகிறார்கள்.

போதும் என்பதைவிட, அதுவே நல்லது என்பேன். டயரின் வெளி அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், சக்கரம் சிறிதானால் டயரின் பக்கச்சுவர் உயரமாகும். பள்ளத்தில் இறங்கும்போது அந்த ரப்பர்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. புது டயர் மாற்றும்போதும் பொதுவாக விலை குறைவு.

பாதுகாப்பில் குறை வைப்பார்களா?

இங்கேதான் கவனம் தேவை. சட்டம் கட்டாயமாக்கியவை எல்லா மாடலிலும் இருக்கும். அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய பிக்கப்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம் என்பதால், அங்கே மிக மலிவான மாடலிலும் அது உண்டு. சட்டம் கேட்காததை டாப் மாடலுக்கு மட்டும் ஒதுக்கிவைப்பவர்களும் உண்டு. ஆபத்தில் தானாக பிரேக் பிடிக்கும் வசதி அடிப்படை மாடலில் இல்லையென்றால், அது கிடைக்கும் அடுத்த படிக்குத் தயங்காமல் போங்கள். தோல் இருக்கைக்காகப் பல ஆண்டுகள் வட்டி கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தானாக பிரேக் பிடிக்கும் வசதிக்குக் கட்டுவதில் நியாயம் உண்டு.

தினமும் பல மணி நேரம் ஓட்டுகிறேன். முதுகுவலியும் உண்டு. எனக்கும் அடிப்படை மாடல்தானா?

உங்களுக்கு இடைப்பட்ட மாடல். உயரத்தையும் இடுப்புத் தாங்கலையும் மாற்றிக்கொள்ளக்கூடிய இருக்கை பல வரிசைகளில் அங்கேயே வந்துவிடுகிறது. முன்பணம் கட்டுமுன் அதே இருக்கையில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள். காட்சிக்கூடத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எந்த இருக்கையும் சுகமாகத்தான் இருக்கும்.