வீட்டு உறுதியை வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள், பிள்ளை பௌதிகவியல் படிக்கட்டும்

போன கிழமை திருகோணமலைத் திருக்கடலூரிலிருந்து ஒரு தாயும் மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பெறுபேறு நல்லது, ஆனால் பொறியியலுக்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. அரச பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானத்துக்கு இடம் கிடைக்கும் நிலை. தகப்பன் படகு வைத்துத் தொழில் செய்கிறார். கனடாவில் இருக்கும் தாய்மாமன், "எஞ்சினியரிங்தான் படிக்க வேணும், கொழும்பிலே காசு கட்டிப் படிக்கட்டும், பாதியை நான் தாறன், மிச்சத்துக்கு வீட்டு உறுதியை ஈடு வையுங்கோ" என்று சொல்லிவிட்டார். தாய்க்கு இரவில் நித்திரை இல்லை.

தாய் பேசிய அரை மணி நேரமும் பிள்ளை வாய் திறக்கவில்லை. என்ன வாசிக்கிறாய் மகள் என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு பக்கத்தின் நடுவில் "1.7 செக்கன்" என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். அந்த வட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியவளை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தாய்க்கு நேரில் சொன்னதையே, அவரது சம்மதத்துடன், இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

தங்கச்சி, எல்லாம் சரிவரும் என்று சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். ஆனால் நீங்கள் செய்ய நினைக்கும் காரியம் பிழையானது. உங்கள் வீடு ஈட்டுக்குப் போவது, பிள்ளை கேட்காத ஒரு படிப்புக்காக. வட்டி கட்டப்போவது தமையன் அல்ல, கடலுக்குப் போகும் உங்கள் கணவர். வாடைக் காற்றில் படகு கரையில் கிடக்கும் மாதங்களிலும் வங்கி தவணையைக் கேட்கும். படிப்பு நடுவில் நின்றால் கட்டிய காசும் திரும்பாது, வீடும் நிச்சயமில்லை. பொறியியலைக் குறைவாகச் சொல்லவில்லை. அவளுக்கு அதில் ஆசை இருந்து, அரச பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்திருந்தால் நானே அனுப்பியிருப்பேன். இங்கே அந்த இரண்டுமே இல்லை.

அவள் வட்டம் போட்ட 1.7 செக்கன் என்ன என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை என்றாள். நான் சொல்கிறேன். ஐன்ஸ்டைன் 1915இல் பொதுச் சார்புக் கோட்பாட்டைத் தந்தார். ஈர்ப்பு என்பது வெளியும் காலமும் வளைவது என்றார். 1919 கிரகணத்தின்போது சூரியனுக்கு அருகே விண்மீன் ஒளி வளைவதை அளந்ததிலிருந்து இன்றுவரை அந்தக் கோட்பாடு சோதனைக்கு மேல் சோதனையைத் தாண்டி நிற்கிறது. ஆனாலும் விண்மீன் மண்டலங்கள் சுழலும் விதத்துக்குக் கணக்குக் காட்ட, யாரும் நேரில் பிடிக்காத கரும்பொருள் என்ற ஒன்று வேண்டியிருக்கிறது. பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டு போகிறது என்றும் 1998இல் தெரியவந்தது. அதனால் சிலர், புதிய பொருளைத் தேடுவதைவிட ஈர்ப்பு விதியையே திருத்தினால் என்ன என்று கேட்டார்கள். மில்குரோம் என்ற இஸ்ரேலிய விஞ்ஞானி 1983இலேயே அப்படி ஒரு யோசனையை வைத்தார். பிறகு எத்தனையோ வந்தன.

2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள், அதாவது எரிந்து முடிந்து இறுகிப்போன விண்மீன்கள், மோதிய செய்தி பூமிக்கு வந்து சேர்ந்தது. முதலில் ஈர்ப்பு அலை, அதாவது வெளியிலும் காலத்திலும் எழும் அதிர்வு. 1.7 செக்கன் கழித்துக் காமாக் கதிர், அதுவும் ஒளியின் ஒரு வகைதான். 13 கோடி வருடம் ஓடிய இரண்டுக்கும் இடையில் அவ்வளவுதான் இடைவெளி. ஈர்ப்பு அலையும் ஒளியும் ஒரே வேகத்தில் வந்திருக்கின்றன. அவை வெவ்வேறு வேகத்தில் போக வேண்டும் என்ற புதிய கோட்பாடுகள் பல அன்றோடு விழுந்தன. சில தப்பி நிற்கின்றன. "தப்பினதுகள் ஏன் தப்பினது சேர்?" என்பதுதான் உங்கள் மகள் என்னிடம் கேட்ட கேள்வி. முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். அந்தக் கேள்வியைப் பாடப் புத்தகத்தில் பார்த்துக் கேட்க முடியாது.

உங்கள் கணவர் தொலைபேசியில், "இதைப் படிச்சு என்ன செய்யிறது?" என்று கேட்டார். அவர் படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியைத்தான் அவருக்கு நினைவுபடுத்தினேன். மேலே சுற்றும் செய்மதிகளின் மணிக்கூடு, பூமியில் உள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோசெக்கன் விரைவாக ஓடும். சார்புக் கோட்பாட்டைக் கொண்டு அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் இடம் தவறும். அவர் வலை போட்ட இடத்துக்குத் திரும்பிப் போவது அந்தத் திருத்தத்தினால்தான்.

சரி, இனி வழி. அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலுக்கோ உதவுபணத்துக்கோ விண்ணப்பிக்கலாம். பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் நான்கு வருடம். அதற்கான தெரிவு பல்கலைக்கழகத் தேர்வுப் பெறுபேற்றை வைத்து நடப்பதால் முதல் வருடத்திலிருந்தே ஊன்றிப் படிக்க வேண்டும். கணிதத்தை விடக்கூடாது, கணினி நிரலாக்கத்தையும் கட்டாயம் பழக வேண்டும். இவ்வளவும் பலருக்குத் தெரியும்.

தெரியாதது அதற்கு அடுத்த படி. இத்தாலியில் திரியெஸ்தே என்று ஒரு துறைமுக நகரம், நம் ஊரைப்போலவே கடலும் மலையும் சேர்ந்தது. பாகிஸ்தானின் அப்துஸ் சலாம், பின்னாளில் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்றவர், 1964இல் அங்கே ஒரு சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையத்தைத் தொடங்கினார். வசதி குறைந்த நாடுகளில் பிறந்த கெட்டிக்காரப் பிள்ளைகள், கேட்டுப் படிக்க ஆளில்லாமல் தனித்துப் போகக்கூடாது என்பதுதான் அவர் நோக்கம். தன் நாட்டில் அந்தத் தனிமையை அவரே பட்டிருந்தார். அந்த நிலையத்தில் ஒரு வருட முதுநிலை டிப்ளோமா உண்டு. நம்மைப்போன்ற நாடுகளில் பட்டம் முடித்தவர்களுக்கென்றே வைத்தது. அதில் ஒரு பிரிவு உயர்சக்தித் துகள்களும் பிரபஞ்சவியலும். கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருகிறார்கள், போய்வரும் செலவையும் பார்த்துக்கொள்கிறார்கள். எடுப்பது குறைந்த பேரைத்தான், போட்டி கடுமை. பார்ப்பது பட்டப் பெறுபேற்றையும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும். வகுப்பில் ஒதுங்கி இருக்காமல், இரண்டு மூன்று விரிவுரையாளர்களுக்காவது தன் வேலையைத் தெரிய வைக்க வேண்டும் என்று பிள்ளைக்கு நான் வற்புறுத்திச் சொன்னது இதனால்தான். வருடக் கடைசியில் ஒரு சிறு ஆய்வும் செய்யவேண்டும். அங்கிருந்து கலாநிதிப் படிப்புக்குப் போகிறவர்கள் நிறைய. ஜெர்மனியில் கலாநிதி மாணவர்களில் பலருக்கு அது சம்பளத்துடன் கூடிய வேலை, அமெரிக்காவிலும் பௌதிகவியல் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்கும். இடையில் எவராவது ஏஜென்ட் இடம் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

ஈர்ப்பை அளக்கும் பெரிய ஆய்வகம் இலங்கையில் இல்லை, வெளியே போய்த்தான் ஆக வேண்டும். அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் நமக்குப் பக்கத்திலேயே மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் ஈர்ப்பு அலை நிலையம் ஒன்றைக் கட்ட இந்திய அரசு 2023இல் அனுமதி கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் அப்படியான நிலையங்களில் லேசர் ஓடும் இரண்டு கைகள், ஒவ்வொரு கையும் 4 கிலோமீற்றர் நீளம். அணுவின் கருவுக்குள் இருக்கும் ஒரு புரோத்தனின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைவைக்கூட அவை பிடிக்கும். அங்கே லேசர் பார்ப்பவர், கண்ணாடி பார்ப்பவர், இரைச்சலுக்குள் இருந்து சமிக்ஞையைப் பிரிப்பவர் என்று பல கைகள் வேண்டும். அந்தக் கடைசி வேலையைப் பழகிய பிள்ளை, ஆராய்ச்சியில் தொடராவிட்டாலும் தரவுப் பகுப்பாய்வில் வேலை தேடலாம்.

இனி பிள்ளைக்கு. மகள், காணொளி பார்த்து வருகிற ஆசையும் கணக்குப் போட்டு வருகிற ஆசையும் வேறுவேறு. உன்னுடையது எது என்று பல்கலைக்கழகம் தொடங்குமுன் நீயே பார்த்துவிடு. 2015 செப்டெம்பர் 14 அன்று முதன்முதலாகப் பிடிபட்ட ஈர்ப்பு அலையின் தரவு இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதற்கான, பைதன் என்ற கணினி மொழியிலான பயிற்சிகளும் கூடவே உண்டு. வீட்டில் கணினி இல்லாவிட்டால் என்னிடம் இருப்பதைப் பின்னேரங்களில் பாவிக்கலாம். மூன்று மாதம் எடு. இரைச்சலை வடிகட்டி, செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே நீடித்த அந்தச் சமிக்ஞையை நீயாகத் திரையில் கொண்டுவா. நடுவில் அலுத்துவிட்டால் என்னிடம் வந்து சொல், கோபிக்க மாட்டேன், வேறு பாடத்தைப் பேசுவோம். அலுக்கவில்லை என்றால் உன் மாமாவோ நானோ இதில் தீர்மானிக்க ஒன்றும் இல்லை.

பெண்பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்புவதா என்று உங்கள் மச்சாள் கேட்டதாகச் சொன்னீர்கள். கொழும்புக்குக் காசு கட்டி அனுப்பலாம், புலமைப்பரிசிலில் அனுப்பக்கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை.

தமையனிடம் பேச உங்களுக்குத் தயக்கம் என்றால் அவருடைய இலக்கத்தைத் தாருங்கள், நான் எடுக்கிறேன். அவர் தர நினைத்த காசில் ஒரு சிறு பங்கை மடிக்கணினி ஒன்றுக்குக் கேட்கப்போகிறேன். பல்கலைக்கழகத் தெரிவுக் கடிதம் வந்ததும் பதிவுக்கான திகதியைத் தவறவிடாதீர்கள். வீட்டு உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.