அது இந்துப்பு இல்லை!

கேள்வி (குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி): வீட்டைச் சுற்றி மிளகும் மஞ்சளும் காந்தாரி மிளகாயும் நிற்கின்றன. கிறிஸ்துமஸுக்கு ஆட்டிறைச்சியில் உப்புக்கண்டம் போடலாம் என்று ஆன்லைனில் 'பிங்க் கியூரிங் சால்ட்' வாங்கினேன். பக்கத்துக் கடைக்காரர், "நம்ம இந்துப்புதான், தாராளமா போடுங்க" என்கிறார். போடலாமா?

பதில்: போட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் நிறம் மட்டும்தான் ஒன்று. இந்துப்பு பாறையிலிருந்து வெட்டியெடுக்கும் சாதாரண உப்பு. உங்கள் பாக்கெட்டில் இருப்பது சோடியம் நைட்ரைட் கலந்த உப்பு. சமையல் உப்பென்று யாரும் தவறி எடுத்துவிடக் கூடாது என்றே அதற்குச் சாயம் ஏற்றுகிறார்கள். அந்தச் சாயமே இங்கே ஆளை ஏமாற்றுகிறது!

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 6.25 சதவீதம் நைட்ரைட் என்றிருக்கும். அந்த வகையில் ஒரு கிலோ கறிக்கு அளவு 2.5 கிராம்தான். உப்புக்கண்டத்துக்கு அள்ளிப் போடுகிற மாதிரி 80 கிராம் போட்டால், கறியில் 5 கிராம் நைட்ரைட் ஏறிவிடும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், உதடு நீலம் பாரித்து, உயிருக்கே ஆபத்தாகும்.

ஹாம், பேக்கன் போலப் பெரிய துண்டாக, ஈரத்தோடு வைக்கிற இறைச்சிக்குத்தான் அது வேண்டும். காற்றுப் படாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமியை அடக்குவதற்கு. விரல் தடிமனில் கீறி, காயவைத்து எடுக்கிற நம் உப்புக்கண்டத்துக்குத் தேவையே இல்லை. கல்லுப்பு, மஞ்சள், மிளகு போதும். மஞ்சளும் மிளகும் மணத்துக்கு. கறியைக் காப்பது உப்பும் உலர்வும்தான். வீட்டு மிளகானாலும் நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்துப் பொடியுங்கள். ஈர மிளகு பூசணத்தைக் கூடவே கூட்டி வரும்.

மற்றொன்று, டிசம்பர் வெயிலை நம்பி நூலில் கோத்துவிடாதீர்கள். ஒக்கி புயல் அடித்தது நவம்பர் 30 அன்று என்பது நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜனவரி பிறந்து வானம் வெளுத்த பிறகு போடுவது நல்லது. கிறிஸ்துமஸுக்கே வேண்டுமென்றால் உலர்த்தும் மின்பெட்டி யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். சிலர் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரையில் தொங்கவிடலாமே என்பார்கள். வேண்டாம், ஷீட்டின் நாற்றமும் ஆசிட் நெடியும் ஏறிய கறியை நாய்கூட முகராது. அடுக்களையில் விறகடுப்புக்கு மேலே, சிரட்டைப் புகையில் தொங்கவிட்டால் போதும். துண்டை வளைத்தால் வளையாமல் முறிய வேண்டும், அதுதான் பதம். பாட்டிலில் போட்ட மறுநாள் கண்ணாடியில் நீர் முத்து கோத்திருந்தால் மறுபடி காயவையுங்கள்.

பாக்கெட்டைத் திருப்பி அனுப்ப முடியுமா? விற்பனைப் பக்கத்தில் 'இந்துப்பு' என்றோ, நைட்ரைட் பற்றி ஒரு வார்த்தை இல்லாமலோ போட்டிருந்தால் முடியும். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. 2020-இன் மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். சரியாகவே எழுதியிருந்தால் நஷ்டம் உங்களுடையது. அப்போதும் உப்புப் பரணி பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்): ஒரு கண்காட்சியில் ஆட்டு உப்புக்கண்டம் அரைக் கிலோ 700 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு வாரத்தில் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. "உப்புதான் பூத்திருக்கிறது" என்கிறார் விற்றவர். பில் இல்லை.

பதில்: ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். உப்பானால் கரைந்துவிடும். பஞ்சு மாதிரி மிதந்தாலோ முக்கல் வாடை அடித்தாலோ பூசணம். துடைத்துவிட்டுப் பொரிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

வாங்கும்போதே ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். எலும்பில்லாக் கறி ஒரு கிலோ காய்ந்தால் உப்போடு சேர்த்து 300, 350 கிராம் தேறினால் அதிகம். அரைக் கிலோ உப்புக்கண்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கறி. கிலோ 900 என்று வைத்தாலும் கறிக்கே 1,350 ரூபாய். 700-க்கு எப்படிக் கட்டும்? ஒன்று அது ஆடாக இருக்காது, அல்லது தண்ணீரைத்தான் எடை போட்டுத் தந்திருக்கிறார்கள். பூசணம் பிடித்ததைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

பில் இல்லாவிட்டால் என்ன, ஜிபே பண்ணிய பதிவு இருக்குமே? அதுவும் சான்றுதான். உறையில் 14 இலக்க உணவு உரிம எண், தயாரித்த தேதி, எடை இருக்கிறதா என்று பாருங்கள். கறியை வீசாமல் படம் எடுத்து, பையில் கட்டி ஃபிரீசரில் வையுங்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கூடவே உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒரு மனு. நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் 700 ரூபாய்க்கு அங்கே அலைவதா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி (தக்கலை வாசகி): வீட்டு மிளகை மில்லில் பொடிக்கக் கொடுத்தால் எடையும் குறைகிறது, வேறு மணமும் வருகிறதே?

பதில்: கொஞ்சம் மிஷினுக்குள் தங்கத்தான் செய்யும். மணம், உங்களுக்கு முன்னால் மல்லி அரைத்தவருடையது. காலையில் முதல் ஆளாகப் போய், ஒரு கைப்பிடி மிளகைத் தனியே ஓடவிட்டு ஒதுக்கிவிட்டு, மீதியைப் போடச் சொல்லுங்கள். மிஷின் நிற்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.