டீச்சரிடம் கேளுங்கள்: ஒரு சிட்டிகை உப்பு

கேள்வி: தண்ணீர் மிஷின் விற்க ஒருவர் வந்தார் டீச்சர். ஒரு டம்ளரில் எங்கள் மெட்ரோ தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்தது. கம்பி வைத்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டார். எங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. இதையா பிள்ளைகளுக்குக் கொடுத்தேன் என்று அழுகையே வந்தது. மிஷின் வாங்கலாமா? (வாசகி, பெரம்பூர்)

அழாதீர்கள் அம்மா. அந்தச் சாக்கடை உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, அவருடைய கம்பியிலிருந்து வந்தது.

கம்பி இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, துருவாகித் தண்ணீரில் மிதக்கும். ஆனால் மின்சாரம் பாய்வதற்குத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்க வேண்டும். மெட்ரோ தண்ணீரில் அவை உண்டு. அவர் கொண்டுவந்தது ஆர்.ஓ. தண்ணீராக இருக்கும், அதாவது உப்பை வடிகட்டும் மிஷினில் வந்தது. அதில் அவற்றைப் பெரும்பாலும் நீக்கியிருப்பார்கள். அதனால் அவர் டம்ளர் தெளிவாகவே நின்றது. இவ்வளவுதான் வித்தை.

அயனாவரத்தில் என் வீட்டுக்கும் இப்படி ஒரு பையன் வந்தான். "தம்பி, ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தேன். அவனுடைய 'சுத்தமான' டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, "இப்போ போடு" என்றேன். பழுப்பும் பச்சையுமாக என் டம்ளரைவிட மோசமாகத் திரண்டு வந்தது. பையன் டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மேடம், எங்களுக்கு இப்படித்தான் ட்ரெயினிங் கொடுத்தாங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. என்ன படித்தாய் என்று கேட்டேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி.

எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. 31 வருடம் பள்ளிக்கூடத்தில் மின்னாற்பகுப்பு, அதாவது கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் இதே பாடத்தை, நடத்தியவள் நான். நேர்மின்வாய், எதிர்மின்வாய், படம் வரைந்து பாகம் குறி என்று எத்தனை பேருக்கு ஐந்து மார்க் போட்டிருப்பேன்! அதே பாடம் ஒரு டம்ளருக்குள் நடந்தபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்த எங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

சரி, வாங்கலாமா? போர் தண்ணீர் உப்புக் கரித்தால் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஆனால் இந்த அளவைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது. 200 என்று காட்டுகிற தண்ணீரிலும் கழிவுநீர் கலந்திருக்கலாம். மெட்ரோ தண்ணீர்தான் என்றால் நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், போதும். நாற்றம் வந்தால் உடனே புகார் கொடுங்கள். அப்புறம், கம்பிச் சோதனையை நீங்களே செய்து பார்க்க வேண்டாம், கரண்ட் சமாச்சாரம்.

கேள்வி: 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றார்கள். காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினோம். சொன்ன நாளில் பெரிய மழையே இல்லை. இதற்கு எங்கள் தெரு ஜோசியரே மேல் இல்லையா? (வாசகர், வேளச்சேரி)

உங்கள் எரிச்சல் புரிகிறது. தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துவிட்டது. கொஞ்சம் தெற்கே வந்திருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் மொட்டை மாடியிலிருந்துதான் எழுதியிருப்பீர்கள்.

ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 20 சென்டிமீட்டர் பெய்தால் கிட்டத்தட்ட 44,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரி நாலை உங்கள் வீட்டு வாசலில் கவிழ்த்த மாதிரி. அதற்கு முன்னால் காரை நகர்த்திய சிரமம் பெரிதா?

'பெய்யும்' வேறு, 'பெய்யலாம்' வேறு. தமிழில் இந்த வித்தியாசம் இவ்வளவு சுலபமாக இருந்தும், டிவியில் வாசிக்கும்போது 'லாம்' காணாமல் போய்விடுகிறது. அது வானிலைத் துறையின் குற்றமல்ல.

ஜோசியர் விஷயத்துக்கு வருவோம். நுங்கம்பாக்கம் வானிலை அலுவலகத்தில் தினமும் காலை எட்டரை மணிக்கு மழையளவைக் குறித்து வெளியிடுகிறார்கள். முந்தின நாள் சொன்னதையும் அதையும் பக்கத்தில் வைத்து யாரும் சரிபார்க்கலாம், திட்டலாம். உங்கள் ஜோசியரிடம் சொன்னது, நடந்தது என்று இரண்டு பத்தி போட்ட நோட்டு இருக்கிறதா? இருந்தால் எனக்கும் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அறிவியல் மனப்பான்மை சட்டப்படி நம் கடமையாமே? (மாணவி, தண்டையார்பேட்டை)

ஆமாம். அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு, 1976-ல் 42-வது திருத்தத்தில் வந்தது. மீறினால் தண்டனை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்ஆப் குழுவில் பாதிப் பேர் உள்ளே இருப்பார்கள்.

கேள்வி: கிரகணத்தின்போது பாட்டி தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திக் காட்டினார். பிடிக்காமலே நின்றது! எப்படி டீச்சர்? (மாணவர், மாதவரம்)

நின்றிருக்கும் கண்ணா, பாட்டி சொன்னது நிஜம். நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு: மற்ற நாளில் நிற்காதா?

இந்தப் பதிலுக்காகவே பக்கத்து வீட்டில் உலக்கை கடன் வாங்கினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி, கிரகணம் எதுவும் கிடையாது. இரண்டு தடவை சாய்ந்தது. மூன்றாவது தடவை நின்றது. அடியில் இருக்கும் இரும்புப் பூண் தட்டையாக இருப்பதால், உலக்கையின் எடை முழுக்க அந்தப் பூணின் வட்டத்துக்குள் விழுகிறவரை அது சாயாது. என் பேரனின் பந்து படும்வரை நின்றுகொண்டிருந்தது.

பாட்டியிடம் வாதம் செய்யாதே. ஒரு சாதாரண நாளில் உலக்கையை அவரிடமே கொடுத்து நிறுத்தச் சொல். என்னைவிட அவருக்குக் கை பழக்கம் அதிகம். முதல் தடவையிலேயே நிறுத்திவிடுவார்.