நுகர்வோர் கேள்வி-பதில்: பாக்கெட் கேமரா வாங்கலாமுங்களா?

போன் வந்ததும் செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த பொருள், பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் சின்ன டிஜிட்டல் கேமரா. இப்போது அதைப் பற்றித்தான் அதிகக் கேள்விகள் வருகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஊரையும் வேலையையும் மட்டும் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தில் 2009-ஆம் வருஷத்து கேமராவை 'விண்டேஜ் சிசிடி' என்று போட்டு 7,000 ரூபாய் சொல்கிறார்கள். தோழிகள் ரெண்டு பேர் வாங்கிவிட்டார்கள். படம் போனில் வருவதைவிட அழகாகத்தான் இருக்கிறது. வாங்கலாமுங்களா அண்ணா?
— கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

வாங்கலாம் அம்மிணி. 7,000-க்கு வேண்டாம்.

அரிய பொருள் மாதிரி விலை சொல்கிறார்கள், அது அரிய பொருளே இல்லை. டிஜிட்டல் கேமரா விற்பனை உச்சத்தில் இருந்தது 2010-இல். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் உலகம் முழுக்கக் கடைகளுக்குப் போனவை 12 கோடிக்கு மேல். அதில் மிகப் பெரும்பகுதி இந்தச் சின்ன கேமராதான். நம் பக்கமும் கல்யாணம், காதுகுத்து என்று வாங்கி, ரெண்டு வருஷம் படம் எடுத்து, பீரோவில் துணிக்கு அடியில் போட்டுவிட்டார்கள். பெரியம்மா வீடு, மாமா வீடு என்று ஒரு சுற்று கேட்டுவிட்டு வாருங்கள். சார்ஜர் மட்டும் காணாமல் போயிருக்கும். பேட்டரியைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் அதற்கேற்ற சார்ஜர் தனியாகக் கிடைக்கும்.

படம் வேறு மாதிரி இருப்பது உண்மை. ஆனால் சிசிடி சென்சாருக்குத்தான், அதாவது பழைய கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுக்குத்தான், அந்தப் பெருமை முழுதும் என்று சொல்வது வியாபாரப் பேச்சு. பாதி வேலையைச் செய்வது ஃப்ளாஷ். உங்கள் போனில் இருப்பது எல்இடி விளக்கு, டார்ச் மாதிரி நின்று எரியும். கேமராவில் இருப்பது செனான் குழாய். கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் பளிச்சென்று அடித்து ஓய்ந்துவிடும். அதனால்தான் ராத்திரி எடுத்த படத்தில் முகம் வெளேரென்றும், பின்னால் இருட்டாகவும், ஆடுகிற கை அப்படியே உறைந்தும் வருகிறது. போன் பத்துப் படத்தை ஒன்றாகக் கலந்து நிழலையெல்லாம் வெளிச்சமாக்கும். பழைய கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, அதுவும் ஒரு அழகாகத் தெரிகிறது. ஃப்ளாஷ் எட்டுவது பத்தடி தூரம் வரைக்கும்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி விழாவில் கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுக்க இது உதவாது.

வாங்குவதாக முடிவு செய்தால், முதலில் எந்த மெமரி கார்டு போடும் கேமரா என்று கேளுங்கள். எஸ்டி கார்டு என்றால் நல்லது. அதிலும் 2006-க்கு முந்தைய மாடல்களில் பெரும்பாலானவை 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. கடையில் இப்போது கிடைக்கும் 64 ஜிபி கார்டைச் செருகினால் 'கார்டு எரர்' என்றுதான் காட்டும். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி சிலவற்றில் எக்ஸ்டி கார்டு, பழைய சோனியில் மெமரி ஸ்டிக். எக்ஸ்டி கார்டு இப்போது யாரும் தயாரிப்பதில்லை. கார்டு சேர்த்துக் கொடுத்தால் ஒழிய அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது பேட்டரி. சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் செல் ரெண்டு போட்டு ஓடும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் வாங்கிப் போட்டால் வருஷக்கணக்கில் கவலை இல்லை. லித்தியம் பேட்டரி மாடல் என்றால், கூட வருவது ஒரிஜினல் இல்லாமல் டூப்ளிகேட்டாக இருக்கத்தான் வாய்ப்பு. அது உப்பியிருந்தால் கேமராவுக்குள் சிக்கிக்கொள்ளும்.

பணம் அனுப்பும் முன் வீடியோ காலில் ஆன் செய்யச் சொல்லுங்கள். ஜூமை முழுக்க நீட்டி மடக்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து அந்தக் கோப்பை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். கரும்புள்ளி இருந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது. தேதியை வைத்துவிட்டு பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுப் பார்க்கட்டும். தேதி அழிந்துவிட்டால் உள்ளே இருக்கும் சின்ன செல் போய்விட்டது. அது பெரிய குற்றமில்லை, விலையில் குறைத்துக்கொள்ளலாம். 2002 முதல் 2004 வரை செய்த கேமராக்களைத் தொடவே வேண்டாம். அந்தக் காலத்தில் செய்த சிசிடி சென்சார்களில் ஒரு தொகுதி, வெக்கையும் ஈரமும் பட்டால் உள் இணைப்பு விட்டுப்போய், படம் ஊதா நிறத்தில் கிழிந்த மாதிரி வந்தது. 2005-இல் பல நிறுவனங்கள் இலவசமாகவே மாற்றிக்கொடுத்தன. இன்றைக்கு மாற்ற ஆளில்லை.

இன்னொன்று. முகவரி இல்லை, பில் இல்லை, ஜிபேயில் முழுப் பணமும் முன்கூட்டியே என்றால், அந்தக் கேமரா எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எங்களது தென்னை நார் மில். போன வருஷம் வாங்கிய கேமரா ஆன் செய்தால் லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிடுகிறது, 'லென்ஸ் எரர்' என்று வருகிறது. கடையில் 4,500 கேட்கிறார்கள். கேமரா விலையே 14,000தான்.
— பொள்ளாச்சி

மில் என்று எழுதியதிலேயே விடை இருக்கிறது. லென்ஸ் மூன்று வளையமாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியே வரும். வளையங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மயிரிழை அளவு. நார்க்கழிவுத் தூள் அதற்குள் போய் அடைத்தால், உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தால் தள்ள முடியாது. திருப்பூரில் பஞ்சு, ஈரோட்டில் மஞ்சள் கிடங்குத் தூசி, கரூரில் மணல் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும்.

கையால் இழுக்காதீர்கள், அமுக்காதீர்கள். பல் உடைந்தால் 4,500-இல் முடியாது. பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் குறைந்தாலும் இதே மாதிரி பாதியில் நிற்கும். பிறகு லென்ஸைத் தரையைப் பார்க்கப் பிடித்து, ரப்பர் பந்து ஊதுகுழலால் வளையத்தைச் சுற்றி ஊதி, அப்படியே கவிழ்த்த நிலையிலேயே ஆன் செய்து பாருங்கள். மில் கம்ப்ரஸர் காற்றைக் காட்டிவிடாதீர்கள், அது தூசியை சென்சார் வரைக்கும் தள்ளிவிடும். இதில் சரியாகவில்லை என்றால், கீழே விழாத, ஒரு வருஷ வாரண்டிக்குள் இருக்கும் கேமராவை முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். தூசிக்கு வாரண்டி இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். வாரண்டி முடிந்திருந்தால் 4,500 கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சரிசெய்த லென்ஸ் அதே மில்லுக்குத்தானே திரும்பி வரப்போகிறது?

உங்கள் இடத்துக்கு லென்ஸ் வெளியே நீளாத, தூசியும் தண்ணீரும் புகாத கேமராதான் சரி. ஒலிம்பஸ் பரம்பரையில் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7 அந்த வகை. 4 மடங்கு ஜூம் உள்ளுக்குள்ளேயே நடக்கும், 15 மீட்டர் ஆழத் தண்ணீரையும் தாங்கும். விலை கூடத்தான்.

பனியன் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை நஞ்சராயன் குளத்துக்கும் வெள்ளோட்டுக்கும் பறவை பார்க்கப் போவோம். போனில் எடுத்தால் கூழைக்கடா வெள்ளைப் புள்ளியாக வருகிறது. பெரிய கேமரா தூக்க விருப்பமில்லை. பாக்கெட் கேமரா உதவுமா?
— திருப்பூர்

இந்த ஒரு காரணத்துக்காக என்றால் தாராளமாக வாங்கலாம். போனின் சாதாரண லென்ஸ், கேமராக்காரர்கள் கணக்கில் 24 அல்லது 26 மில்லிமீட்டர்; இந்த எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் கிட்டத்தில் தெரியும். கேனன் எஸ்எக்ஸ்740 மாதிரி 40 மடங்கு ஜூம் உள்ளது அதே கணக்கில் 960 வரை போகும். குளத்தின் நடுவில் இருக்கும் கூழைக்கடாவின் அலகுப் பையே தெரியும். பெட்டியில் 'ஆப்டிகல் ஜூம்' என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். 'டிஜிட்டல் ஜூம் 160 மடங்கு' என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, அதை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, சுமார் 6 மில்லிமீட்டருக்கு நாலரை. ஜூமை முழுக்க இழுத்தால் உள்ளே வரும் வெளிச்சமும் குறைந்துவிடும். அதனால் விடியற்காலை ஆறு மணிக்கு எடுத்த படம் ரவை கொட்டின மாதிரி இருக்கும். வெயில் ஏறின பிறகு எடுத்தால் நம்பவே முடியாத அளவுக்கு நன்றாக இருக்கும். கை ஆட்டத்துக்குக் கரைக் கம்பி மேல் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். பறக்கிற பறவையை இதில் பிடிப்பது கஷ்டம், உட்கார்ந்திருப்பதோடு திருப்திப்பட வேண்டும்.

மெகாபிக்சல் பார்த்து ஏமாறாதீர்கள். ஏ4 அளவில் தெளிவாகப் பிரிண்ட் போட 9 மெகாபிக்சல் போதும்.

பெரிய சென்சார் கேமரா ஒன்றை ஆன்லைனில் 58,000-க்கு வாங்கினேன். நாலே மாதத்தில் திரை இருண்டுவிட்டது. சர்வீஸ் சென்டரில் 'இது இந்தியாவுக்கு வந்த சரக்கு இல்லை, வாரண்டி கிடையாது' என்கிறார்கள். விற்றவர் சர்வீஸ் சென்டருக்குப் போ என்கிறார். யாரைப் பிடிப்பது?
— ஐடி ஊழியர், சரவணம்பட்டி, கோவை

விற்றவரைப் பிடியுங்கள். சர்வீஸ் சென்டரோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. கேமரா வாரண்டி பொதுவாக அந்தந்த நாட்டோடு நிற்கும், தாங்கள் இறக்குமதி செய்யாத சரக்குக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

பெட்டியை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது, மாதம் வருஷம், வரியோடு சேர்த்த எம்ஆர்பி எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் சாட்சி. பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் வாரண்டி பற்றி என்ன போட்டிருந்தார்கள் என்பதை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். சர்வீஸ் சென்டர் வாயால் சொன்னதை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் மின்னஞ்சலில் கேளுங்கள்.

பிறகு அந்த ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். சாட்டில் பேசுவது கணக்கில் வராது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிப்படி, புகார் வந்ததாக 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது என்பதும் அதே விதிதான். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள்.

அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தால் என்ன செய்வது என்று பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது கோவையிலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷம் அவகாசம்; அதற்காக ஆறப்போடாதீர்கள்.

ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. அதே கேமரா கிராஸ்கட் ரோட்டுக் கடையில் 70,000 சொல்லும்போது 58,000-க்குக் கிடைத்ததா? 'இறக்குமதி, கம்பெனி வாரண்டி இல்லை' என்று விற்பனைப் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்களா? போட்டிருந்தால் உங்கள் வழக்கில் பலம் குறைவு. 'விற்பனையாளர் வாரண்டி' என்று போட்டிருந்தால் அதைச் செய்து தரும் பொறுப்பு அவருடையதுதான், அதைப் பிடித்துக் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு: பில்லில் இருக்கும் சீரியல் எண், பெட்டியில் இருப்பது, கேமரா அடியில் இருப்பது, மூன்றும் ஒன்றுதானா என்று டெலிவரி அன்றே பாருங்கள். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். 'ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறோம்' என்றால் 18 சதவீதம் மிச்சம் என்று நினைக்காதீர்கள். பில் இல்லாமல் வாரண்டி கேட்கவும் முடியாது, ஆணையத்தில் நிற்கவும் முடியாது.

வால்பாறையில் எஸ்டேட் குடியிருப்பு. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கிறது.

பூஞ்சை. வெளியே துடைத்தால் போகாது, பிரித்துத்தான் துடைக்க வேண்டும், சின்ன கேமராவுக்கு அந்தச் செலவு கட்டாது. படத்தில் இன்னும் தெரியவில்லை என்றால் வெயில் நாளில் அடிக்கடி எடுத்து உபயோகப்படுத்திக்கொண்டே இருங்கள். அடுத்த கேமராவைத் தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால், ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும். வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம். சமையலுக்கு அந்த வாணலியை எடுக்க வேண்டாம்.