பகல் தூக்கம் இரண்டிலிருந்து ஒன்றாகும்போது

கேள்வி: மகளுக்கு 11 மாதம். ஒரு வாரமாகக் காலையில் தூங்க மறுக்கிறாள். பகலில் ஒரே தூக்கம் என்று மாற்றிவிடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். நிற்க, நடக்கப் பழகும் நாட்களில் பல குழந்தைகள் இப்படித்தான் அடம்பிடிப்பார்கள், அப்புறம் தானாகவே பழையபடி தூங்குவார்கள். பெரும்பாலும் 13 முதல் 18 மாதத்துக்குள்தான் ஒரு தூக்கத்துக்கு மாறுவார்கள். இன்னும் இரண்டு வாரம் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு 15 மாதம். காலையில் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறான். மதியம் படுக்க வைத்தால் விளையாட்டு, மாலை ஐந்துக்கு ஒரே அழுகை. ஒரு மாதமாக இதே கதை.

பதில்: சரி, இவன் தயார். விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத்தான் உடலில் தூக்கம் சேரும். காலையில் தூங்கித் தீர்த்துவிடுவதால் மதியத்துக்குள் போதுமான அளவு சேர்வதில்லை. காலைத் தூக்கத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போங்கள், பன்னிரண்டரை வரும்வரை. சாப்பாட்டையும் அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

தூக்கம் பதினொரு மணியை ஒட்டி வரும் நாட்கள்தான் படுத்தி எடுக்கும். சீக்கிரம் எழுந்துவிடுவான், இரவு வரை தாங்கமாட்டான். அன்றைக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே இரவுக்குப் படுக்க வையுங்கள். ரொம்பவும் துவண்டால் இரண்டு முறை தூங்கட்டும், அதனால் மாற்றம் கெட்டுவிடாது. என் மூத்தவளுக்கு இந்த இழுபறி ஆறு வாரம் நீடித்தது.

கேள்வி: காப்பகத்தில் ஒரு தூக்கம், வீட்டில் இரண்டு. குழந்தை குழம்பாதா?

பதில்: குழம்பாது. இடத்துக்கு ஒரு வழக்கம் என்று பழகிக்கொள்ளும்.

கேள்வி: இரண்டரை வயது. மாலை நாலரை வரை தூங்கிவிட்டு இரவு பத்தரைக்கும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். மதியத் தூக்கத்தை நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள், குறையுங்கள். மூன்று மணிக்கு எழுப்பிவிடுங்கள். தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் இல்லை. இரவும் பகலும் சேர்த்து ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி நேரமும், மூன்றிலிருந்து ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரமும் தூங்கினால் போதும். உங்கள் மகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறாள்.

கேள்வி: மூன்றரை வயது. மதியம் கண்ணை மூடுவதே இல்லை.

பதில்: மாலையிலும் சிரித்த முகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் படப் புத்தகத்தோடு அறையில் சும்மா கிடக்கட்டும். உங்களுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.