போசாக்கு அக்காவிடம் கேளுங்கள்: சோற்றுப் பார்சலும் சீனித் தேத்தண்ணியும்

இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஐந்துக்குப் பதில். மிச்சம் அடுத்த கிழமை.

அக்கா, கோட்டையில் வேலை, வெள்ளவத்தையில் அறை. ஒவ்வொரு நாளும் மத்தியானம் கடைப் பார்சல்தான். நிறுத்தச் சொல்லுவீர்களோ?

நிறுத்த வேண்டாம் தங்கச்சி, ஒருக்கால் பிரித்துப் பாருங்கள். போன கிழமை நானும் ஒன்று வாங்கிக் கணக்குப் பார்த்தேன். சோறு இரண்டு பேருக்குக் காணும். பருப்பு மூன்று கரண்டி. கத்தரிக்காய்ப் பொரியல் எண்ணெய்க்குள் மிதந்தது. வல்லாரைச் சம்பல் ஒரு நுள்ளு, கோழித் துண்டில் பாதி எலும்பு. எல்லாம் எங்களுடைய நல்ல சாப்பாடுதான், பங்குதான் தலைகீழ். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, மற்றக் கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ கடலையோ இருக்க வேணும். பார்சலைப் பக்கத்து மேசைப் பிள்ளையோடு பாதியாக்குங்கள். மிச்சம் பிடிக்கிற காசுக்கு ஆளுக்கொரு அவித்த முட்டை. காலையில் வெள்ளரிக்காய், தக்காளி, கரட் வெட்டி ஒரு டப்பாவில் போட்டால் சரி. அதற்கு அறையில் அடுப்புக்கூடத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். அம்மாவுக்குச் சீனி வருத்தம். சிவப்பரிசி என்றால் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்கிறா. உண்மையோ?

ஓம் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. தவிடு போகாத சிவப்பரிசியில் நார் இருக்கிறது, அதனால் சீனி மெதுவாக ஏறும். ஆனால் ஏறும். குரக்கன் புட்டுக்கும் இதே கதைதான். குரக்கன் என்ற பேருக்காகவே ஒரு நீத்துப்பெட்டியை முழுதாக முடிக்கிறவர்கள் உண்டு, என் மாமியும் ஒருவர். அளவைக் குறைத்து, அந்த இடத்தைப் போஞ்சி, பாவற்காய், கீரை வறையால் நிரப்புங்கள். ஒன்று கவனம்: அம்மா மருந்தோ ஊசியோ எடுக்கிறா என்றால், சோற்றைத் திடீரென்று பாதியாக்க வேண்டாம். சீனி இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

நான் இனிப்பே தொடுவதில்லை. தேத்தண்ணி மட்டும் நாளைக்கு ஐந்து தரம்.

எத்தனை கரண்டி சீனி என்று எழுதவில்லையே தம்பி! இரண்டென்றால் நாளைக்குப் பத்து. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம், ஆக 40 கிராம். இப்படிச் சேர்க்கிற சீனி ஏறக்குறைய 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழமைக்குக் கால் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகும். என்னோடு வேலை செய்கிற அண்ணர் ஒருவர் ஒரேயடியாக விட்டார். நாலாம் நாள் டின்பாலும் கரண்டியுமாகப் பிடிபட்டார்.

மகனுக்கு ஏழு வயது. பின்னேரம் பாண் விற்க வருகிற ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் போதும், சீனி தூவின கிம்புலா பணிஸ் வேணுமென்று வாசலுக்கு ஓடுகிறான்.

நானும் ஓடியிருக்கிறேன். கிழமைக்கு ஒரு நாள் ஓடட்டும். மற்ற நாளில் பாட்டு வர அரை மணித்தியாலம் முன்னரே, அவித்த கடலையை வெங்காயம், தேங்காய்ச் சொட்டோடு தாளித்துக் கொடுங்கள். பசி அடங்கின பிள்ளை அவ்வளவு வேகமாக ஓடாது.

நாங்கள் சைவம். இரத்தம் குறைவு என்றார்கள். நிறையக் கீரை சாப்பிட்டும் ஏறவில்லை அக்கா.

சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிறீர்களோ? கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கத் தேயிலை விடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். வறையை அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள், அந்தப் புளி இரும்புச்சத்தை உள்ளே இழுக்க உதவும். இரும்புக் குளிசை தந்திருந்தால் அதையும் தண்ணீரோடு விழுங்குங்கள், தேத்தண்ணியோடு வேண்டாம். மூன்று மாதத்தில் திரும்ப இரத்தம் சோதித்துவிட்டு எழுதுங்கள்.