அடி வாங்கி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை அடிக்க ஏன் தயங்குகிறார்கள்?

பாசம் கூடிவிட்டது என்பது பாதி உண்மைதான். வீட்டு வேலையும் ஆள்கணக்கும் மாறியதே பெரிய காரணம்.

1980களில் நெல்லைச் சீமையின் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளை, பீடி சுற்றும் அம்மாவின் சொளகுக்கு (முறத்துக்கு) எதிரே உட்கார்ந்து பீடி முனை மடக்கிக் கொடுப்பாள். பீடிக் கணக்கு குறைந்தால் கூலி குறையும். அங்கே 'உனக்கு என்ன தோணுது?' என்று கேட்க யாருக்கு நேரம்? ஆச்சி, அத்தை, பக்கத்து வீட்டு மாமா என யார் வேண்டுமானாலும் 'ஏலே, அங்க என்னல பண்ணுத?' என்று அதட்டலாம். வாத்தியாரிடமும், 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்' என்றுதான் ஒப்படைப்பார்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. ஒன்றிரண்டு பிள்ளைகளோடு பேச நேரம் கிடைக்கிறது. பயமும் அவர்கள் மேலேயே குவிகிறது. ஆளில்லாத குளத்தில் குதித்து நீச்சல் பழகிய அப்பா, தாமிரபரணிப் படித்துறையில் மகன் கையை விடமாட்டார்.

அதட்டுவது, விட்டுக்கொடுப்பது, காரணம் சொல்லிக் கண்டிப்பது என்று வளர்ப்பை 1960களில் வகைபிரித்தார் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட். நம் வீடுகளில் மூன்றும் ஒரே நாளில் நடக்கும். சோறு ஊட்ட செல்போனைக் கொடுத்துவிடுவோம். மார்க் குறைந்தால் தாத்தா காலத்துக் குரலிலேயே கத்துவோம்.